கல்லூரியே முதல் ஆய்வகம்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் சென்ற மாதம் போன் செய்தார். “வளம் குன்றா வளர்ச்சியில் கல்லூரிகளின் பங்கு என்று தலைப்பு போட்டிருக்கோம். இருபது நிமிஷம் பேசுப்பா” என்றார். “அண்ணே, நான் சாக்கடை என்ஜினியர். அவ்வளவு பெரிய தலைப்பு எனக்குத் தாங்காது” என்றேன். “சாக்கடையைப் பத்தியே பேசு, அதுக்குத்தான் கூப்பிடுறேன்” என்றார். ஆகவே நான் பேசப்போவது சாக்கடையையும் தண்ணீரையும் பற்றித்தான். தலைப்பு தானாக உள்ளே வந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

நான் 2006-ல் இங்கே சிவில் பிரிவில் சேர்ந்து 2010-ல் வெளியேறியவன். அன்றிலிருந்து இன்றுவரை சென்னையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு.

‘வளம் குன்றா வளர்ச்சி’ என்றால் என்ன? ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் குழு 1987-ல் ஒரு விளக்கம் தந்தது. வருகிற தலைமுறைகள் தங்கள் தேவையைத் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காமல், நாம் நம் தேவையைத் தீர்த்துக்கொள்வது என்பது அதன் சாரம். எங்கள் அப்பத்தாவிடம் இதைச் சொல்லியிருந்தால், “விதைநெல்லைக் குத்தித் திங்காதேன்னு சொல்றான், இதுக்கு ஒரு குழுவா?” என்று கேட்டிருப்பார். வள்ளுவரும் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தையே மழைக்குக் கொடுத்துவிட்டார். ஆக, விஷயம் நமக்குப் புதிதல்ல. தெரிந்ததைச் செய்வதில்தான் சிக்கல்.

கல்லூரிகளுக்கும் இது புதிதல்ல. 1990-ல் பிரான்ஸ் நாட்டின் தலுவார் என்ற ஊரில் பல நாட்டுப் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி, கற்பித்தல், ஆராய்ச்சி, வளாக நடைமுறை ஆகிய மூன்றிலும் சுற்றுச்சூழலைக் காப்போம் என்று பத்து அம்ச அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். நம் நாட்டில் 1991-ல், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2003-ல் மறுபடியும் வலியுறுத்தியது. பல்கலைக்கழக மானியக் குழுவும் இளநிலை வகுப்புகள் அனைத்துக்கும் பொதுவாக ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றைத் தந்தது.

அந்தப் பாடத்தை நானும் படித்தேன். ‘மழைநீர் சேகரிப்பைப் படத்துடன் விவரி’ என்று 16 மதிப்பெண் கேள்வி. கூழாங்கல், மணல், கரி என்று அடுக்கடுக்காகப் படம் வரைந்து 14 வாங்கினேன். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. நான் தேர்வு எழுதிய கூடத்துக்கு வெளியிலும் ஒரு தொட்டி இருந்தது. அதில் டீ கப்பும் காய்ந்த இலையும் நிரம்பிக் கிடந்தன. அதன் மூடிமேல் உட்கார்ந்துதான் நான் கடைசி நேரப் படிப்பைப் படித்தேன். பதினான்கு மதிப்பெண் வாங்கிய எனக்கு, உட்கார்ந்திருந்த இடம் எது என்று தெரியவில்லை!

சிரிக்கிறீர்கள். சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்கிறேன்.

2008-ம் வருடம், செமஸ்டர் தேர்வுச் சமயம். விடுதியில் தண்ணீர் வரவில்லை. சண்டை போடலாம் என்று மோட்டார் ரூமுக்குப் போனேன். அங்கே நம் மோட்டார் அண்ணன். அந்த நாளில் விடுதியில் இருந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் சண்டைக்கு வரவில்லை. கதவின் பின்பக்கத்தைக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை சாக்பீஸில் தேதியும் நேரமும் எழுதியிருந்தார். “தம்பி, முன்னெல்லாம் காலையில ஆறு மணிக்குப் போட்டா எட்டு மணிக்குத் தொட்டி நிறைஞ்சிடும். இப்போ ஒன்பதேகால் ஆகுது. பூமியில தண்ணி கீழ போகுது. நீங்க படிச்சவங்க, யார்கிட்டயாச்சும் சொல்லுங்க” என்றார்.

இரண்டு மணி நேரம் மூன்றேகால் மணி நேரமானது. அதே தொட்டி, அதே மோட்டார். கணக்குப் போட்டால், வருகிற தண்ணீர் 38 சதவீதம் குறைந்துவிட்டது என்று பொருள். அப்போது நான் நீர்வளப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். “சரிண்ணே” என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. குளித்துவிட்டுத் தேர்வுக்குப் போய்விட்டேன்.

உண்மையிலேயே நீர்மட்டம்தான் இறங்கியதா? மோட்டார் தேய்ந்திருக்கலாம். குழாயில் உப்புப் படிந்திருக்கலாம். மின்னழுத்தம் குறைந்திருக்கலாம். ஆழ்துளைக் கிணற்றில் டேப்பை விட்டு, மோட்டார் ஓடாதபோது ஓர் அளவு, ஓடும்போது ஓர் அளவு எடுத்து, கூடவே வோல்டேஜும் ஆம்பியரும் குறித்திருந்தால் எது காரணம் என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். அருமையான ஒரு ப்ராஜெக்ட் அது! மூன்று துறை மாணவர்கள் சேர்ந்து செய்திருக்கலாம். ஒருவரும் செய்யவில்லை. அடுத்த வருடம் ஏதோ ஒரு குழு பார்வையிட வருகிறது என்று வளாகம் முழுக்க வெள்ளையடித்தார்கள். அந்தக் கதவுக்கும் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். இந்தக் கல்லூரியின் நிலத்தடி நீரைப் பற்றி இருந்த ஒரே பதிவேடு அதோடு போய்விட்டது.

இப்போது என் தொழிலில் நான் செய்த தவறு.

2013-ல் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சுத்திகரிப்பு நிலையம் வடிவமைத்தேன். கழிவை உண்ணும் நுண்ணுயிரிகளுக்கு மூச்சுக்காற்று வேண்டும். அதற்காக புளோயர் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சில மணி நேரம் நின்றால் நாற்றம் எடுக்கும். தொடர்ந்து நிறுத்தினால் அவை செத்துப்போகும். எல்லாம் ஓட்டிக்காட்டி, கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தேன். ஒரு வருடம் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். புளோயர் நின்றிருந்தது. கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கிறார்களாம். கழிவுநீரை ராத்திரியில் லாரி வந்து எடுத்துக்கொண்டு போகிறது. எங்கே கொட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கே வாட்ச்மேன் வேலையையும் சேர்த்துப் பார்த்த பெரியவர் ஒருவர் சொன்னார்: “சார், நீங்க மிஷினைக் குடுத்தீங்க. அதைப் பாத்துக்கிற ஆளைக் குடுக்கலையே.”

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், நடைக்கு 25 லட்சம் லிட்டராகத் தண்ணீர் வந்ததை நீங்கள் அறிவீர்கள். அப்போது அதே குடியிருப்பிலிருந்து போன் வந்தது. “சார், அந்த மிஷினை மறுபடி ஓட்ட முடியுமா?” ஓட்டினோம். முதல் வேலையாக, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நியமிக்கச் சொன்னேன். அன்றிலிருந்து அங்கே கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் சுத்திகரித்த நீர்தான் போகிறது. வடிவமைப்பில் குறை இருக்கவில்லை. ஆறு வருடம் அதைக் கவனிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். கட்டுவதற்கு ஒரு நாள் போதும். காப்பாற்றுவது தினசரி வேலை. நம் கல்லூரிகள் கட்டுவதற்குக் கற்றுத்தருகின்றன, அளப்பதற்கும் ஓட்டுவதற்கும் கற்றுத்தருவதில்லை. அதைக் கற்றுத்தர வெளியே எங்கும் போக வேண்டாம். இந்த வளாகமே போதும்.

முதலாவது, கற்பித்தல். நம் விடுதிகளில் 1,200 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விடுதிக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நாம் படித்த கணக்கு. ஆக 1,62,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் பதின்மூன்று நடைக்கும் மேல். வருடத்தில் 300 நாள் என்றால் 486 லட்சம் லிட்டர். மழை எவ்வளவு தரும்? மொத்தக் கூரைப் பரப்பு 10,000 சதுர மீட்டர், மழை 800 மில்லிமீட்டர் என்று கொண்டால் 80 லட்சம் லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் ஐந்தில் ஒரு பங்கு போக, 64 லட்சம். அதாவது தேவையில் 13 சதவீதம்தான். ‘மழைநீர் சேகரித்தால் பஞ்சமே வராது’ என்று நான் எழுதிய 16 மதிப்பெண் பதில் தவறு என்று இந்த நாலு வரிக் கணக்கு சொல்கிறது. மழைநீர் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. அந்த 135 லிட்டரில் 45 லிட்டர் கழிப்பறைக்குப் போகிறது. அதைச் சுத்திகரித்த நீரால் ஈடுகட்டினால் தினம் 54,000 லிட்டர் மிச்சம், வருடத்துக்கு 162 லட்சம். கூரை மழையைப் போல இரண்டரை மடங்கு!

இந்தக் கணக்கைப் புத்தகத்து எண்ணை வைத்துப் போடாமல், நம் மீட்டரைப் பார்த்துப் போட வேண்டும் என்பதே என் கோரிக்கை. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கட்டடம். மூன்று மாதம் அதன் தண்ணீர், மின்சாரம், குப்பைக் கணக்கை எழுத வேண்டும். நிமிடத்துக்கு 200 லிட்டர் இறைக்கும் மோட்டார், தொட்டி நிரம்பிய பிறகும் இருபது நிமிடம் ஓடினால் 4,000 லிட்டர் வீண். அதைத் தடுக்க ஒரு மட்டக் கருவி செய்வது மின்னணுத் துறைத் தம்பிகளுக்கு ஒரு வாரத்து வேலை. பம்பின் திறனை அளப்பது மெக்கானிக்கலும் மின்துறையும். பதிவேட்டைப் பராமரிப்பது கணினித் துறை. மதிப்பெண்ணும் அதற்கே கொடுங்கள். சுற்றுச்சூழல் தாளில் பாதி மதிப்பெண்ணாவது இந்தப் பதிவேட்டுக்கு இருக்கட்டும்.

இரண்டாவது, ஆராய்ச்சி. இதற்கு ஒரு நல்ல முன்னோடி பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உண்டு. மின்வேதியியல் பேராசிரியரான அமுல்ய ரெட்டி, 1974-ல் ‘அஸ்த்ரா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கிராமத்துக்குத் தேவையான தொழில்நுட்பத்தை, கிராமத்தில் போய் உட்கார்ந்து உருவாக்குவது அதன் நோக்கம். தும்கூர் மாவட்டத்தில் பூரா என்ற சிற்றூரில் சாணத்திலிருந்து சமையல் எரிவாயு தர ஒரு பொதுக்கலம் அமைத்தார்கள். கிடைத்த சாணத்துக்கு எல்லா வீட்டு அடுப்புக்கும் எரிவாயு போதவில்லை. திட்டம் படுத்துவிட்டது. அவர்கள் அதை மூடி மறைக்கவில்லை. ஊராரிடம், ‘உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும்’ என்று கேட்டார்கள். வந்த பதில், குடிதண்ணீர். அதே எரிவாயுவால் என்ஜினை ஓட்டி, மின்சாரம் எடுத்து, 1987 முதல் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீரும் வீட்டுக்குள் விளக்கும் கொடுத்தார்கள். சாணம் கொடுத்த வீட்டுக்கு எருவாகக் கசடு திரும்பிப் போனது. கலத்தை ஓட்டியவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகளே.

நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தலப்பில் பிரதீப் செய்த வேலையும் அப்படித்தான். நானோ துகள்களைக் கொண்டு குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லியை நீக்குவதில் தொடங்கி, ஆர்சனிக் நஞ்சைக் குறைந்த செலவில் நீக்கும் பொருள்வரை அவர் குழு கொண்டுபோனது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் பிறந்தது மக்கள் குடிக்கும் தண்ணீர்வரை போய்ச் சேர்ந்ததுதான் அதன் பெருமை.

நமக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனால் பூராவில் கேட்ட அந்தக் கேள்வியைக் கேட்க வசதி வேண்டியதில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட் தலைப்பை இணையத்தில் தேடுவதற்கு முன்னால், மதில் சுவரைத் தாண்டிப் போய் ஊராரைக் கேளுங்கள். தோற்றுப்போன ப்ராஜெக்டையும் எழுதி, அடுத்த செட்டுக்குக் கொடுங்கள். இன்றைக்கு ஒவ்வொரு செட்டும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பைண்ட் செய்த புத்தகம் பீரோவுக்குள் போய்விடுகிறது.

மூன்றாவது, வளாக நடைமுறை. இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. போன மாதம் நான் வந்திருந்தபோது, முதல்வர் ஐயாவே என்னை விடுதிக்குப் பின்னால் அழைத்துப்போய்க் காட்டினார். அந்தத் துணிச்சலுக்கு அவரை வணங்குகிறேன். செப்டிக் டேங்கைத் தாண்டி வரும் தண்ணீர் மதிலுக்கு வெளியே, கண்மாய்க்குப் போகும் வரத்துக் கால்வாயில் விழுகிறது. அந்தக் கண்மாயில்தான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை நீச்சல் அடித்தோம். அதன் பாசனத்தில் விளைந்த அரிசியைத்தான் அன்று மெஸ்ஸில் தின்றோம். அப்படிப்பட்ட தண்ணீரில் நம் கழிவைக் கலந்துவிட்டு, நல்ல பாசனப் பொறியாளர்களை உருவாக்குகிறோம் என்று நாம் எப்படிச் சொல்வது? வகுப்பில் ஆசிரியர் சொல்வதை மாணவன் மறக்கலாம். நான்கு வருடம் தினமும் பார்க்கும் அந்தக் கால்வாய் அவனுக்கு ஒரு பாடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ‘இப்படித்தான் இருக்கும், பழகிக்கோ’ என்ற பாடம். நான் 2014-ல் அந்த லாரியைப் பார்த்துவிட்டும் வாயை மூடிக்கொண்டேனே, அந்தப் பழக்கம் எனக்கு எங்கே வந்தது என்று யோசிக்கிறேன்.

ஒரு விஷயத்தை மாணவர்கள் தயவுசெய்து மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். நீங்கள் எதை வடிவமைத்தாலும், மனிதன் உள்ளே இறங்கிச் சுத்தம் செய்யும்படி வடிவமைக்காதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஆளை உள்ளே இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இருந்தும் தொட்டிக்குள் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வளம் குன்றா வளர்ச்சி என்பதில் அந்த மனிதரின் உயிரும் அடக்கம்.

கடைசியாகப் பணம். இன்று பிற்பகல் பொதுக்குழுவில், கல்லூரி வாசலில் சங்கத்தின் பெயரால் ஒரு நினைவு வளைவு கட்டுவது பற்றித் தீர்மானம் வருகிறது. மூத்த அண்ணன்மார் பலர் ஆசையோடு நிதி கொடுத்திருக்கிறீர்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் வயதில் சிறியவனாக, உரிமையோடு கேட்கிறேன். வளைவைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா? அந்த நிதியில் முதலில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தண்ணீர் மீட்டர், விடுதிக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம். வடிவமைப்பும் மேற்பார்வையும் என் பொறுப்பு, அதற்கு ஒரு பைசா வேண்டாம். அதைவிட முக்கியம், அதை ஓட்ட ஓர் ஆளுக்கு நிரந்தரச் சம்பளம். ஒரு செட் ஒரு வருடச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டால் போதும். 2010 செட் முதல் வருடத்தை ஏற்கிறது. நேற்று இரவு டீக்கடையில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், இனி பின்வாங்க முடியாது! அந்த ஆளை மாணவர்கள் ஆய்வக உதவியாளராகவே நினைத்து, அவரிடம் போய்க் கற்க வேண்டும்.

கட்டி முடித்துப் பெயர்ப்பலகை திறப்பதோடு நம் கடமை முடிந்தது என்றால், தயவுசெய்து இதைக் கட்டவே வேண்டாம். வளைவையே கட்டிவிடலாம். அது ஓடாவிட்டாலும் நாறாது.

சற்றுமுன் ஒரு தங்கை என்னிடம் கேட்டது: “அண்ணா, இதெல்லாம் பெரியவங்க முடிவு. எங்களால என்ன ஆகும்?” அம்மா, மீட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மோட்டார் போட்ட நேரம், தொட்டி நிறைந்த நேரம், இந்த இரண்டையும் இன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வருடம் எழுதினால் இந்தக் கல்லூரியில் யாரிடமும் இல்லாத தகவல் உங்களிடம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போங்கள். அவர் கேட்பார்.

நம் மோட்டார் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். இன்று என் அழைப்பை ஏற்று வந்திருக்கிறார். மேடைக்குக் கூப்பிட்டேன், “அதெல்லாம் வேணாம் தம்பி” என்று கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணே, 2008-ல் நீங்கள் ‘யார்கிட்டயாச்சும் சொல்லுங்க’ என்றீர்கள். ரொம்பத் தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.